சூளையில் நடந்த சிலுவைப் போர்

எருசலேம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு காலத்தில் ஏறக்குறைய இருநூறு வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து கிறிஸ்தவ ராஜாக்கள் படை திரட்டிக்கொண்டு போனதும், முஸ்லிம் சுல்தான்கள் எதிர்த்து நின்றதும், ஊர் கை மாறிக் கை மாறிப் போனதும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சிலுவைப் போர் என்ற தலைப்பில் வரும். நானும் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், வெளியே வந்ததும் மறந்துவிட்டேன். பிறகு விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அந்தப் போருக்கு என் கையாலேயே கலர் பூசவேண்டி வரும் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை.

பேட்டையில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். கிளேஸ் பிரிவுக்குப் பொறுப்பாக வந்த முதல் பொம்பளை நீங்கள்தான், அதைப் பற்றி எழுதிக் கொடுங்கள் அக்கா என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். அதில் எழுத என்ன இருக்கிறது? முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றார், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். அவ்வளவுதான். நான் வேறொன்றை எழுதித் தருகிறேன், பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் முறுக்கு மடிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. பத்தாவது முடித்த கையோடு பஸ் ஏறிப் பேட்டைக்கு வந்தேன். முதலில் அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளின் ஓர மடிப்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. பிறகு கிளேஸ் தொட்டியில் முக்குகிற வேலை. கிளேஸ் என்றால் பொம்மைக்குக் கண்ணாடி போல மினுமினுப்புக் கொடுக்கிற பூச்சு. முக்கும்போது சூளையில் வைக்கிற பொருளைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலப் பிடிக்கவேண்டும், விரல் தடம் விழுந்தால் அந்த இடம் மொட்டையாகிவிடும். எத்தனை மொட்டை போட்டேன், எத்தனை திட்டு வாங்கினேன் என்பதெல்லாம் கணக்கில்லை. அப்புறம் தூரிகை கைக்கு வந்தது. கண், புருவம், உதடு என்று ஏறி, ஒரு நாள் மாதாவின் முகமே என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் கம்பெனி சின்னது. டீ கப், ஊறுகாய் ஜாடி, கொலுவுக்குப் பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் செட். சூளை காதர் பாய் கையில் இருந்தது. பாய் என்றால் எங்கள் எல்லாருக்கும் அவர் ஒருவர்தான். எண்ணெய்ச் சூளை. அதை மூட்டுவது, ஏற்றுவது, அணைப்பது எல்லாம் அவர். அதைவிடப் பெரிய வேலை அடுக்குவது. எந்தப் பொருளை எந்தத் தட்டில், எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி. பாய்க்கு இரண்டு வழக்கம் உண்டு. ஒரு பெட்டியில் போகிற செட் ஒரே தட்டில்தான் வேக வேண்டும் என்பார், அப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஒரே சூடு கிடைத்து நிறம் ஒத்து வரும். இரண்டாவது, பொம்மைக்கு முதுகு நெருப்பைப் பார்க்கவேண்டும், முகம் தட்டின் நடுவைப் பார்க்கவேண்டும். முகத்தில் கரித் தூசு படியக் கூடாதே. குடில் செட்டில் மூன்று ராஜாக்களும் மேய்ப்பர்களும் மாடும் கழுதையும் நடுவிலிருக்கும் பாலனைப் பார்த்தபடி நிற்பார்கள். சூளைக்குள்ளேயே கிறிஸ்துமஸ் வந்துவிட்டதே பாய் என்று நான் கிண்டல் செய்வேன்.

சூப்பர்வைசர் ராமலிங்கம் சார் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருவார். செராமிக் படிப்புப் படித்தவர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் முன்னால் நிற்பதற்கு முதலாளி முன்னால் நிற்பதைவிடப் பயமாக இருக்கும். கெட்டுப்போன பொருளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போவார். வெறுங்கையால் தொடமாட்டார், தோளில் கிடக்கும் துண்டால் பிடிப்பார். வெளிச்சத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். கவிழ்த்து அடியைப் பார்ப்பார். மறுபடி ஒரு சுற்று. அப்புறம் நம்மைக் கூப்பிட்டு, "சரி, மொதல்லேர்ந்து சொல்லு" என்பார். நாம் சொல்லி முடித்ததும் பேசாமல் நிற்பார். அந்த மௌனம் தாங்காமல் நாமே விட்டுப்போனதையெல்லாம் உளறுவோம். அப்போதும் ஒன்றும் சொல்லாமல், அடுத்த ஆளைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்பார். மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்காமல் எதையும் அவர் முடிவு செய்ததில்லை.

இந்த மாதிரி இருந்த இடத்துக்குத்தான் புதுச்சேரியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். வெளிநாட்டுக்குக் கைவினைப் பொருள் அனுப்புகிறவர். சதுரங்கக் காய் வேண்டும், சாதாரணக் காய் இல்லை, சிலுவைப் போர்க் காய் என்றார். ஒரு பக்கம் வெள்ளை அங்கியும் நெஞ்சில் சிவப்புச் சிலுவையுமாகக் கிறிஸ்தவப் படை. எதிர்ப்பக்கம் பச்சை உடையில் சுல்தான் படை. ஒவ்வொரு காயும் ஒரு சாண் உயரம். படங்களைப் பரப்பிவைத்து, நாங்கள் சோறு தின்கிற நேரத்தில் எங்களோடு உட்கார்ந்து கதையும் சொன்னார். நல்ல மனிதர், கதை சொல்லத் தெரிந்தவர். அவர் சொன்ன பெயர்கள் ஒன்றும் எங்கள் வாயில் நிற்கவில்லை. இங்கிலாந்து ராஜா வெறும் ராஜா ஆனார், எதிரே நின்றவர் வெறும் சுல்தான் ஆனார்.

அந்த ராஜா போர்க்களத்துக்குப் போன இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். சேதி தெரிந்த சுல்தான், எதிரியாக இருந்தாலும், பழமும் மலைப்பனியும் அனுப்பி வைத்ததாகச் சொல்வார்களாம். பாய்க்கு அன்று முகமெல்லாம் பல். "பாத்தியா மேரி, எங்க ஆளு எதிரிக்கே பழம் அனுப்பியிருக்காரு. ஒங்க ராஜா என்ன அனுப்புனாரு?" என்றார். காய்ச்சலில் கிடக்கிறவர் என்ன பாய் அனுப்புவார், நன்றி சொல்லி அனுப்பியிருப்பார் என்றேன் நான். ராஜா இங்கிலாந்துக்காரர், நான் கருவேப்பிலங்குறிச்சி, எங்களுக்குள் என்ன உறவு? ஆனாலும் அன்றிலிருந்து வெள்ளைப் படை என் ஆட்கள், பச்சைப் படை பாய் ஆட்கள் என்று ஆகிப்போனது.

புதுச்சேரிக்காரர் இனிப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதற்கும் நூறு வருஷம் முன்னால் முதல் படை எருசலேமைப் பிடித்தபோது, உள்ளே இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆண் பெண் பாராமல் வெட்டித் தள்ளினார்கள் என்றும் சொன்னார். சோற்றுக் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து ஜெபத்தில் சொல்லி வளர்ந்த ஊர்ப் பெயர் அது. பாய்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, படை என்று கிளம்பினால் எல்லாப் படையும் அப்படித்தான், எங்கள் ஆட்களும் எங்கேயாவது செய்திருப்பார்கள் என்றார். அவர் அந்த ஊரை பைத்துல் முகத்தஸ் என்று சொன்னார். மெக்காவைப் பார்த்துத் தொழுவதற்கு முன்னால் ஆரம்பத்தில் அந்தத் திசையைப் பார்த்துத்தான் தொழுதார்களாம். எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில் யாராலும் யாரையும் முழுசாக ஜெயிக்க முடியாமல் ராஜாவும் சுல்தானும் ஒப்பந்தம் போட்டார்கள், ஊர் சுல்தானிடமே இருக்கட்டும், கிறிஸ்தவர்கள் ஆயுதமில்லாமல் வந்து கும்பிட்டுப் போகட்டும் என்று. இதை வெட்டிக் குத்துவதற்கு முன்னாலேயே பேசியிருக்கலாமே என்று பாய் கேட்டதும், புதுச்சேரிக்காரர் படங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

வேலை தொடங்கியது. சிலுவை அச்சிலேயே நெஞ்சில் மேடாக வந்துவிடும். அதற்குச் சிவப்பு மட்டும் கடைசியில். பெரிய சூட்டில் சிவப்பு நிற்காது, கருகிவிடும். அதனால் கிளேஸ் சுட்டு வெளியே வந்த பிறகு மேலே வரைந்து, சின்ன சூளையில் இளம் சூட்டில் இன்னொரு முறை வைப்போம். வெள்ளைதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. எங்கள் வழக்கமான கப் வெள்ளை வேண்டாம், பாலாடை போல இருக்கவேண்டும் என்றார் வியாபாரி. ராமலிங்கம் சார் வெள்ளீயப் பொடி சேர்த்துப் புதிதாக ஒரு கிளேஸ் தயாரித்தார். பச்சைக்கு எப்போதும் போடுகிற குரோம் பொடி. வெள்ளைக்கு ஒரு நாள், பச்சைக்கு ஒரு நாள் என்று மாதிரி சுட்டு எடுத்தோம். இரண்டும் அப்படி ஒரு அழகு. வியாபாரி கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்க மனமில்லாமல் நின்றார்.

முதல் லோடு அடுக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பலகையில் காய்களை வைத்து நான் எடுத்து நீட்ட, பாய் சூளைக்குள் குனிந்து வாங்கி வைத்தார். ராஜாவை நீட்டும்போது, எங்க ஆளை பார்த்து வைங்க பாய், மேலே ஒரு புள்ளி விழுந்தாலும் உங்களை விடமாட்டேன் என்றேன். அவர் உள்ளே இருந்தபடியே, "கவலப்படாத மேரி, ஒங்க ஆளுங்களுக்கு எல்லாம் நல்லா காய்ச்சல் வர வச்சுதான் வெளிய அனுப்புவேன்" என்றார். எல்லாரும் சிரித்தோம். கதவருகே முதலாளி நின்றிருந்தார். அவரும் சிரித்தார்.

சூளை ஆறிப் பிரித்தபோது முதல் தட்டை வெளியே இழுத்த பாய் அப்படியே நின்றுவிட்டார். சுல்தான் படை குறையில்லாமல் கிளி போல இருந்தது. எதிரே நின்ற வெள்ளைப் படை முழுக்க ரோஸ். ராஜா, ராணி, குதிரை, சிப்பாய் எல்லாருக்கும் முகமும் நெஞ்சும் கன்றிச் சிவந்து, ஜுரம் கண்டவர்களைப் போல இருந்தார்கள். அடுத்த தட்டும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.  பாய் ஒரு காயை எடுத்து லுங்கியில் துடைத்துப் பார்த்தார், அழுக்காக இருந்தால் போய்விடும் என்று நினைத்தார் பாவம்.

முதலாளி வந்து பார்த்தார். நேராகத் தன் கண்ணாடி அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் பாயைக் கூப்பிட்டு, உடம்பு களைத்துத் தெரிகிறது, நாலு நாள் வீட்டில் இருங்கள், சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டார். பாய் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா மேரி, நீ பக்கத்துலயே இருந்தவ. ஒங்க ஆளுங்களுக்குக் காய்ச்சல் வர வச்சு அனுப்புறேன்னு அவரு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாருங்க. நாங்க தெனமும் அப்பிடித்தான் பேசிக்குவோம். நீங்களும் சிரிச்சீங்களே."

"அன்னிக்கு வெளையாட்டாதான் தெரிஞ்சுது. இன்னிக்குப் பொருள் செவந்து கெடக்குது. பச்சையில ஒரு குத்தம் இல்ல, சிலுவை போட்டது மட்டும் கெட்டிருக்குது. என்னான்னு நெனைக்கச் சொல்ற?"

அந்த நாட்களில் எங்கேயோ தூரத்தில் நடந்த ஒரு கலவரத்தைப் பற்றிப் பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்தது. முதலாளியின் மேசையிலும் அந்தப் பேப்பர் மடித்துக் கிடந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ரம்ஜானுக்குப் பாய் வீட்டுக்குப் போய் பிரியாணி தின்றுவிட்டு வருகிறவர்தான். ஆனால் வேறு ஆள் பார்த்துவிட்டதாகவும், மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வரப்போவதாகவும், பாயை இனிமேல் சூளைப் பக்கம் விடமுடியாது என்றும் அன்று அவர் என்னிடம் சொன்னார்.  எனக்கு வந்தது கோபமா பயமா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சூளை இல்லாத பாயை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் கண்ணால் பார்க்க நான் கொடுத்த பொருளை அவர் தன் கண்ணைப் போல வைத்தார், அவர் செய்யமாட்டார் என்று சொன்னேன். சரி போ என்றார்.

நேராக ராமலிங்கம் சாரிடம் போனேன். அவர் ஜன்னல் பக்கம் ராஜாவைத் துண்டில் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் முதலாளி சொன்னதைச் சொல்லி முடித்தும் அவர் திரும்பவில்லை. ஒரு சுற்று, அடி, மறுபடி ஒரு சுற்று. அப்புறம், "முதுகு வெள்ளையா இருக்குது பாரு" என்றார். அப்போதுதான் பார்த்தேன். ராஜாவுக்கு முன்பக்கம் மட்டும்தான் சிவப்பு. முதுகு பாலாடை வெள்ளை, நாங்கள் மாதிரியில் பார்த்த அதே வெள்ளை.

"சரி, மொதல்லேர்ந்து சொல்லு. எதை எங்க வச்சாரு?"

சொன்னேன். ஒரு செட் ஒரு தட்டில் போனதைச் சொன்னேன். முதுகு நெருப்பைப் பார்த்து, முகம் நடுவைப் பார்த்து என்று பாய் வழக்கப்படி வைத்ததைச் சொன்னேன். அதனால் பலகையில் நிற்பது போல இரண்டு படையும் எதிரெதிரே, ஒரு விரற்கடை இடைவெளியில் முகம் பார்த்து நின்றன. சார் பேசாமல் நின்றார். மௌனம் தாங்காமல் நான் இன்னொன்றையும் சொன்னேன். கடைசி செட்டில் சில வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தட்டில் இடம் போதவில்லை, அவர்களை மேல்தட்டில் டீ கப்புகளோடு வைத்தோம். அந்தச் சிப்பாய்கள் எங்கே என்று கேட்டார். தேடி எடுத்தோம். ஒரு சிவப்பு இல்லை. பளிச்சென்று வெள்ளை.

சார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். படிக்கிற காலத்தில் படித்ததுதான், இதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்றார். பச்சைக்குப் போடுகிற குரோம் பெரிய சூட்டில் கொஞ்சம் ஆவியாகுமாம். பக்கத்தில் வெள்ளீயம் கலந்த வெள்ளை இருந்தால் அதில் போய்ப் படிந்து ரோஸ் ஆக்கிவிடுமாம். எங்கள் கப் வெள்ளையில் வெள்ளீயம் கிடையாது, அதனால் இத்தனை வருஷம் பச்சையை எதோடு வைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. மாதிரி இரண்டையும் வெவ்வேறு நாளில் சுட்டதால் அப்போதும் தெரியவில்லை. செட் பிரியக் கூடாது, முகம் கெடக் கூடாது என்று பாய் எடுத்துக்கொண்ட அக்கறைதான் இந்தப் படையைச் சிவக்க வைத்திருக்கிறது. கவனமில்லாத ஆள் கண்டபடி அடுக்கியிருந்தால் பாதிக் காயாவது தப்பியிருக்கும்.

ஆனாலும் சார் அதோடு நிற்கவில்லை, வழக்கப்படி இன்னும் இரண்டு பேரையும் கேட்டார். வாயால் சொன்னால் முதலாளிக்குச் சமாதானம் சொன்னது போல இருக்கும், கண்ணால் காட்டவேண்டும் என்றார். ஒரு சூளை கேட்டார். அடுக்கினவர்தான் அடுக்கவேண்டும், வேறு ஆள் அடுக்கினால் அது சோதனையே இல்லை என்று ஒரே பிடியாக நின்றார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

பாயைக் கூப்பிட நான் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் வீடு. அவர் மனைவி டீ கொடுத்தார். பாய் தாடி மழிக்காமல், கண் உள்ளே போய் உட்கார்ந்திருந்தார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நெருப்புல எங்க தப்பு வுட்டேன்னு தெரியல மேரி. காத்து கம்மியா வுட்டுட்டனா? படுத்தா கண்ணுக்குள்ள அந்தச் செவப்புதான் வருது." தன் மேல் சந்தேகம் இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. வேலை தப்பியதால் வருத்தத்தில் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.  நெருப்பில் தப்பு இல்லை, சார் சொல்லுவார், வாங்க என்று மட்டும் சொன்னேன். மற்றதை அவர் எப்போதுமே தெரிந்துகொள்ள வேண்டாம், சோதனை முடிந்தால் அது புகையோடு போய்விடும் என்று நம்பினேன்.

சார் நான்கு பெட்டிகள் எடுத்தார். நெருப்பைத் தாங்கும் தீமண்ணால் செய்த, ஒன்றின் ஆவி இன்னொன்றுக்குப் போகாதபடி மூடி போட்ட பெட்டிகள். முதல் பெட்டியில் வெள்ளை ராஜாவும் சுல்தானும் முகம் பார்த்து. இரண்டாவதில் ராஜா தனியாக. மூன்றாவதில் ராஜா சுல்தானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான்காவதில் எங்கள் டீ கப் ஒன்று சுல்தானுக்கு எதிரே. ஒவ்வொன்றின் அடியிலும் சுட்டாலும் அழியாத கறுப்பு மையால் எண் போட்டார். எல்லாரையும் நிற்க வைத்துக்கொண்டு, பாய் அடுக்கினார். முதல் பெட்டியை இரண்டு முறை எடுத்து எடுத்து வைத்தார், அடுத்ததிலிருந்து கை பழையபடி ஓடியது. அதைப் பார்த்து நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

ஆறுகிற வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்றுப் பட்டு எல்லாம் கீறிவிடும். முதலாளி இரண்டு முறை வந்து கதவைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு இருக்குதுங்க என்று சார் இரண்டு முறையும் அதே குரலில் சொன்னார்.

திறந்தோம். முதல் ராஜா முகம் சிவந்திருந்தார். தனியாக இருந்தவர் வெள்ளையாக இருந்தார். மூன்றாவதைத் திருப்பியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகம் வெள்ளை, முதுகு மட்டும் ரோஸ். கப் எப்போதும் போல இருந்தது. ராமலிங்கம் சார் நான்கையும் துண்டின் மேல் வரிசையாக வைத்தார். குரோம், வெள்ளீயம், ஆவி என்று முதலாளிக்கு நிதானமாக விளக்கினார். இனிமேல் இரண்டையும் வேறு வேறு நாளில் சுடுவோம், தவறு என்னுடைய கிளேஸில்தான், அடுக்கியதில் இல்லை என்றார். அதைச் சொல்ல அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

முதலாளிக்கு நிம்மதி. முகமே மாறிவிட்டது. பாயின் தோளில் தட்டினார்.

"அப்ப பாய் வேணும்னு செய்யலன்னு ஆயிடுச்சு. நல்லது, நல்லது."

நல்ல மனசோடுதான் சொன்னார்.  பாய் முதலாளியைப் பார்த்தார். அப்புறம் சாரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு நாள் வீட்டில் இருக்கச் சொன்னது எதற்கு என்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு விளங்கியது.  துணியை எடுத்துச் சூளைக் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். மங்களூர் ஆளுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று முதலாளி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்று எதுவும் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வேலை ஓடியது. பச்சை ஒரு நாள், வெள்ளை ஒரு நாள். சிலுவைகளுக்கு நான் சிவப்புப் பூசினேன். வியாபாரி குறித்த நாளுக்கு முன்னதாகவே எல்லா செட்டும் வைக்கோலில் சுற்றி லாரியில் புதுச்சேரிக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்தது என்றார்கள். எந்த ஊரில், யார் வீட்டு மேசையில் அந்த ராஜாவும் சுல்தானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. லாரி போன மறுநாள் நடந்ததற்காக.

கெட்டுப்போன பொருளை எங்கள் பேட்டையில் வெளியே விடமாட்டோம். சூளைக்குப் பின்னால் ஒரு கருங்கல் உண்டு. அதில் வைத்து சுத்தியலால் உடைத்து, தூளாக்கி, தீமண் பெட்டி செய்கிற மண்ணில் கலந்துவிடுவோம். உடைப்பது எப்போதும் சூளைக்காரர் வேலை. விரிசல் விட்ட மாதாவையும், தும்பிக்கை கோணிய பிள்ளையாரையும், கை உடைந்த முருகனையும் இத்தனை வருஷமும் அந்தக் கல்லில் வைத்து உடைத்தவர் காதர் பாய்தான். உடைப்பதற்கு முன்னால் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிவிட்டு உடைப்பார். என்ன பாய் சொல்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டதற்கு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்றேன் என்றார். அதை யாரும் ஒரு நாளும் வேறு மாதிரி பார்த்ததில்லை. பார்க்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

அன்று சிவந்துபோன படை முழுவதும் கூடையில் கிடந்தது. பாய் கல்லுக்கு முன்னால் குந்தி, இடக் கையில் ராஜாவை எடுத்து வைத்தார். நெஞ்சில் சிலுவை மேடாகத் தெரிந்தது. வலக் கையில் சுத்தியலை எடுத்தார். ஓங்கவில்லை. கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார். கேட் பக்கம் பார்த்தார். கப் துடைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"மேரி, இத நீ ஒடச்சிடும்மா. நான் ஒடச்சா நல்லாருக்காது."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  உங்களை யார் பாய் என்ன சொல்வார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, அந்தக் கேள்வியை இனிமேல் கேட்க முடியாது என்பதும் தெரிந்தது. சுத்தியலை வாங்கிக்கொண்டேன். அவர் சொல்லுவது போல மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு, ராஜாவின் நெஞ்சில் ஓங்கி அடித்தேன். தெறித்த சில்லை அவர் விளக்குமாற்றால் கூட்டிக் கொடுத்தார். கூடை காலியாகும் வரை நான் உடைத்தேன், அவர் கூட்டினார். அழுதுகொண்டே உடைத்தேன். தூசு விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகும் பல வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். கிண்டல் நிற்கவில்லை, சாப்பாடு பிரியவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அவர்தான் முன்னால் நின்றார். சூளை கடைசி வரை அவர் கையில்தான் இருந்தது. ஆனால் கெட்டுப்போன பொருள் வரும் நாளில், கூடையில் சிலுவையோ சாமியோ ஒன்று இருந்தால், பாய் அதைத் தொடாமல் ஓரமாக எடுத்து வைப்பார். சுத்தியலை எடுத்துக்கொண்டு நான்தான் போவேன்.